வாயைத் துடைத்த துணி

ஈரத் துணியை அப்பாவின் வாய்க்குள் விட்டுத் துடைத்து வெளியே எடுத்தான் மூத்தவன். துணியில் ரத்தம் இல்லை.

மறுபக்கம் திருப்பிப் பார்த்தான். அங்கேயும் இல்லை. கொஞ்சம் எச்சில், ஓரத்தில் கொஞ்சம் சிமெண்டுத் தூசி. அவ்வளவுதான். துணியைக் கீழே வைத்துவிட்டு விரலை விட்டான். ஈறு முழுக்கத் தடவிக்கொண்டே போனான். காலமெல்லாம் டயர் பஞ்சர் ஒட்டுகிற விரல் அது. ஆணி எங்கே ஏறியிருக்கிறது, கண்ணாடிச் சில்லு எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும். இந்த ஈற்றில் அதற்கு ஒரு கீறல்கூட அகப்படவில்லை. பிறந்த குழந்தையின் ஈறு மாதிரி வழுவழுவென்று இருந்தது.

"என்னடா வாய்க்குள்ள தேடுறே?" வாசற்படியில் உட்கார்ந்திருந்த அம்மா கேட்டாள்.

"பல்லு…"

"செட்டைக் கேக்குறியா? அது ஆஸ்பத்திரியிலேயே இல்ல. குழாய் மாட்டும்போது கழட்டி வெச்சிருப்பாங்கன்னு நெனச்சேன். கேட்டா எங்களுக்குத் தெரியாதுங்குறாங்க. பல்லில்லாம போகப்போறாரே மனுஷன். செத்தாலும் சம்மதிக்க மாட்டாரே."

மூத்தவன் விரலை வெளியே எடுத்தான்.

செட்டு. அப்படி ஒன்று இருப்பது அவனுக்குத் தெரியாதா என்ன? அலமாரியின் மேல்தட்டில் மூடி போட்ட ஒரு டம்ளர் இருக்கும். அதை யாரும் தொடக்கூடாது. அப்பா விளக்கை அணைத்த பிறகுதான் பல்லைக் கழற்றுவார். விடிவதற்கு முன் எழுந்து மாட்டிக்கொண்டுதான் பெண்டாட்டியைக் கூப்பிடுவார். கட்டடத்தில் கம்பி கட்டுகிற ஆளுக்கு இவ்வளவு மினுக்கு எதுக்கு என்று அம்மா கேலி செய்வாள். "கம்பி கட்டுறவனுக்கு வாய் பொக்கையா இருக்கணும்னு சட்டமா?" என்பார். பெற்ற பிள்ளைகள்கூட அவரைப் பொக்கை வாயோடு பார்த்ததில்லை. பார்க்காத ஒன்று இருந்தும் இல்லாத மாதிரிதான்.

அதனால்தான் காலையில் அப்படி ஆயிற்று.

நேற்று மத்தியானம், மேல்தளத்தில் வேலை நடந்துகொண்டிருந்தபோது அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். கூட வேலை செய்கிற ஒருவன், அவர் நெஞ்சின் மேல் குனிந்து இரண்டு கையாலும் ஓங்கி ஓங்கிக் குத்துவதை எதிர்க் கட்டடத்திலிருந்து எவனோ செல்போனில் எடுத்திருக்கிறான். சாயங்காலம் அது சேனலில் வந்துவிட்டது. படத்தில் ஒரு சத்தமும் இல்லை. சத்தமெல்லாம் செய்தி வாசிக்கிறவனுடையது. 'பிழைக்க வந்தவன் வெறியாட்டம். உள்ளூர் முதியவர் உயிருக்குப் போராட்டம்.' மூத்தவன் அதைத் தன் டயர்க்கடையில், எப்போதும் அந்த ஒரே சேனல் ஓடுகிற டிவியில், நாலு வாடிக்கையாளர்களோடு நின்று பார்த்தான். பார்த்த கண்ணோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினான்.

விடிகாலையில் உயிர் போய், முகத்தில் மாட்டியிருந்த குழாயை எடுத்தார்கள். வாய் குழிந்து, கன்னம் ஒட்டி, வேறு யாரோ கிடந்தார். அப்பாவை அந்தப் படத்தில் இருந்தவன் இப்படி ஆக்கிவிட்டானே என்றுதான் தோன்றியது. அப்படியே வெளியே வந்தான். வாசலில் மைக் நீட்டினார்கள்.

"பல்லையெல்லாம் ஒடைச்சிருக்கான் சார். ஒண்ணுகூட இல்ல சார். வாயில வந்து பாருங்க சார்."

அதுதான் இப்போது வீட்டின் முன்பக்கத்தில் இருக்கிற அவன் கடையிலிருந்து சுவரைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. அவன் குரல். அவன் அழுகை. அதைத் தொடர்ந்து செய்தி வாசிப்பவனின் குரல்: "பற்களை நொறுக்கிய கொடூரம்…"

தங்கச்சி வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அண்ணன் பக்கத்தில் கிடந்த துணியைப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள்.

"காலையிலேயே சொன்னேன்ல. டாக்டர் என்ன சொன்னாரு? நெஞ்சை அமுக்கினதாலதான் ஆஸ்பத்திரி வரைக்கும் உயிர் இருந்துச்சுன்னாரு. அவ்ளோ அமுக்கினா எலும்பு விரியத்தான் செய்யும்னாரு. நீ என்ன கேட்டே?"

அவன் துணியை எடுத்து வாளியில் நனைத்தான்.

"அந்த டாக்டர் எந்தச் சேனல் பாக்குறான்னு கேட்டே."

"உன் புருஷன் பாக்குற சேனல்ல மட்டும் என்ன சொல்றான்?"

"அதையும் கேட்டுக்கோ. வெயில்ல வேலை வாங்கிக் கொன்னுட்டாங்கங்குறான். அரசாங்கம் பதவி விலகணுமாம். அப்பா பேரைக்கூடத் தப்பா போட்டிருக்கான். உங்க ரெண்டு பேருக்கும் ஒரு சாவு போதாதா? ஆளுக்கொரு சாவா வேணும்?"

"மெதுவாப் பேசுங்க. மனுஷன் படுத்திருக்காரு" என்றாள் அம்மா.

மனுஷன் சத்தம் பிடிக்காதவர். மகன் டிவி போட்டால் வந்து ரிமோட்டை வாங்கிச் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிடுவார். "படத்தைப் பாருடா. அவன் வாய் எப்படி ஆடுது பாரு. கோழி கொத்துற மாதிரி இல்ல?" என்பார். அவரும் மகன் இருக்கிற கட்சிக்குத்தான் ஓட்டுப் போட்டார். வெளியிலிருந்து வருகிறவர்கள் கூலியைக் குறைத்துக்கொண்டு வந்து நிற்பது தப்புதான் என்று அவரும் முணுமுணுப்பார். ஆனால் மூத்தவன், "அவனுங்க வந்துதான் நம்ம வேலையெல்லாம் போச்சு" என்று ஆரம்பித்தால் மட்டும், "என் வேலை என்கிட்ட இருக்கு. நீ பஞ்சர் ஒட்டுறே. எந்த வேலைடா போச்சு?" என்று கேட்டுவிட்டு, கைகழுவப் போய்விடுவார்.

செருப்புச் சத்தம் கேட்டது. கட்சியின் வட்டத் தலைவர் மாலையோடு உள்ளே வந்தார். ஊரே அவரை வட்டம் என்றுதான் கூப்பிடும். ஆளும் அதற்கேற்ற மாதிரி. மாலையைப் போட்டார், கும்பிட்டார், மூத்தவனின் தோளில் கையைப் போட்டு மூலைக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"கலங்காதே தம்பி. பசங்க சேர்ந்துட்டானுங்க. நீங்க எடுக்குறதுக்குள்ள அந்தத் தகரக் கொட்டாயில ஒருத்தன் இருக்கமாட்டான். அந்த நெட்டையன் இன்னும் ஓடலையாம். திமிரப் பாரு."

நெட்டையன். படத்தில் குத்தியவனுக்கு அப்பா வைத்த பேர்தான். 'நெட்டையன் கம்பியை வளைச்சான்னா அளவே எடுக்க வேண்டாம்' என்று சோறு தின்னும்போது சொல்வார்.

"அண்ணே" என்றான் மூத்தவன். "அப்பாவுக்கு… செட்டுண்ணே."

"என்ன செட்டு?"

"பல் செட்டு. சொந்தப் பல்லே கிடையாது. நான் காலையில தெரியாம சொல்லிட்டேன்."

வட்டம் அவனையே பார்த்தார். பிறகு அப்பாவின் வாயைப் பார்த்தார். எட்டிப்போய்க் கதவை ஒருக்களித்துவிட்டு வந்தார்.

"இதை வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்லண்ணே."

"சொல்லாதே. பல்லு எதுவா இருந்தா என்ன, உயிர் போனது நெசம்தானே? உன் வார்த்தையை நம்பி ஊரெல்லாம் போட்டுட்டாங்க. இப்பப் போய் மாத்தினா அவங்களை யாரும் ஒண்ணும் சொல்லமாட்டான். உன் மூஞ்சியிலதான் துப்புவான். அப்பன் சாவுல பொய் சொன்னவன்னு பேர் நிக்கும். வர்ற தேர்தல்ல இந்தத் தெருப் பொறுப்பு உனக்குத்தான்னு நான் மேல பேசி வெச்சிருக்கேன். புரியுதா?"

"பசங்க அடிச்சிருவானுங்கண்ணே."

"அடிச்சா அடிக்கட்டும். நீயா அடிக்கப்போறே? நீ அப்பனுக்கு ஆகவேண்டியதைப் பாரு."

தோளில் தட்டிவிட்டுப் போனார். தட்டிய இடம் பாரமாக இருந்தது. அவர் சொன்னதில் ஒரு சொல்கூட யோசிக்காமல் சொன்னதில்லை. காலையில் அவன் யோசிக்காமல் சொன்னான். இனிமேல் சும்மா இருந்தால் அது யோசித்துச் சொன்ன பொய்.

அப்போதுதான் பின்கட்டுக் கதவை யாரோ தட்டினார்கள். முன்வாசலுக்குக் கேட்காத மெல்லிய தட்டு.

தங்கச்சி திறந்தாள். ஒரு பெண் நின்றாள். தலையை இழுத்து மூடியிருந்தாள். கையில் ஒரு டம்ளர். அதன் வாயை அழுக்குத் துணியால் இறுகக் கட்டியிருந்தாள். முன்வாசலில் இருக்கிற கூட்டத்துக்குப் பயந்து சாக்கடைச் சந்து வழியாக வந்திருக்கிறாள். கால் முழங்கால் வரைக்கும் சேறு.

"யாரும்மா நீ?"

"கட்டடம்… வேலை" என்றாள். வார்த்தைக்கு வார்த்தை தேடித்தேடி எடுத்தாள். "தாத்தா பல்லு. என் வீட்டுக்காரர் எடுத்தது. வாயில காத்து ஊதணும். பல்லு இருந்தா தொண்டை உள்ள போகும். அதான் எடுத்தது. அப்புறம் வண்டி வந்தது, ஆஸ்பத்திரி போச்சு. பல்லு அவர் சட்டைப் பையிலயே நின்னுடுச்சு."

அம்மா எழுந்து வந்து டம்ளரை வாங்கினாள். துணியை அவிழ்த்தாள். தண்ணீருக்குள் மேல்வரிசையும் கீழ்வரிசையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. ஒன்றும் உடையவில்லை.

"தண்ணியில போட்டுக் கொண்டாந்திருக்கே. யார் சொன்னா உனக்கு, காயவிடக்கூடாதுன்னு?"

"தாத்தா சாப்பிட்டு அப்புறம் கழுவும். யாரும் பாக்காம. நான் பாத்தது" என்றாள் அந்தப் பெண். சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. வந்த வேகத்தில் போயிற்று. மூத்தவனைப் பார்த்துவிட்டாள். டிவியில் பார்த்த முகம். ஓரடி பின்னால் போனாள்.

"உன் வீட்டுக்காரர் எங்கே?" என்றான் அவன்.

அவள் சேலை நுனியை வாயில் கவ்விக்கொண்டாள்.

"பயப்படாதம்மா. ஓடிட்டாரா?" என்றான் மறுபடியும்.

"எல்லாரும் ஓடுன்னு சொன்னது. அவர் போகல. நேத்து ஊத்துன தளம். இன்னைக்குத் தண்ணி விடலைன்னா வெடிச்சிடும். தாத்தா கட்டுன கம்பின்னு சொல்றாரு."

மூத்தவன் அம்மா கையிலிருந்து டம்ளரை வாங்கினான். அந்தப் பெண்ணை வீட்டுக்குள் இழுத்து, "இவளை வெளிய விடாதே" என்று தங்கச்சியிடம் சொன்னான். பின்கதவு வழியாக இறங்கினான். டம்ளர் தளும்பியது. தண்ணீரைக் கொட்டிவிட்டு, செட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். பை நனைந்து நெஞ்சில் ஒட்டியது.

"டேய், எடுக்குற நேரத்துல எங்கடா போறே?" அம்மாவின் குரல் சந்து முனைவரை துரத்திக்கொண்டு வந்தது.

கட்டட வாசலில் இருபது முப்பது பையன்கள் நின்றார்கள். சிலர் கையில் கம்பு, சிலர் கையில் கம்பி. அங்கேயே கிடந்த கம்பிதான், அப்பா வெட்டிப்போட்ட துண்டுகள். தகரக் கதவை உலுக்கிக்கொண்டிருந்தார்கள். சேனல்காரப் பையன் ஒரு மண் குவியல்மேல் ஏறி நின்று கேமராவைச் சரிசெய்துகொண்டிருந்தான். மேலே, மூன்றாவது தளத்தின் விளிம்பில், ஒல்லியாக உயரமாக ஒருத்தன் ரப்பர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு தளத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். கீழே பார்க்கவே இல்லை.

"அண்ணன் வந்துட்டாருடா! வழி விடுங்கடா! அண்ணன்தான் முதல் அடி!"

வழி விட்டார்கள். மூத்தவன் நேராகப் போய்க் கதவுக்கு முதுகைக் காட்டி நின்றான். ஓடிவந்ததில் மூச்சு வாங்கியது. பைக்குள் கையை விட்டுச் செட்டை எடுத்தான்.

"இதுதான்டா எங்கப்பா பல்லு" என்றான். "ஒண்ணும் ஒடையல. யார் வேணா பாத்துக்கோங்க. மூச்சு ஊதுறதுக்காகக் கழட்டி எடுத்திருக்கான். நான்தான் தெரியாம உளறிட்டேன்."

ஒரு பையன் களுக்கென்று சிரித்துவிட்டான். பக்கத்தில் இருந்தவன் அவன் மண்டையில் தட்டினான்.

"படத்துல குத்துறானே அண்ணே? நாங்க என்ன குருடா?"

"அமுக்குறான்டா. நின்ன நெஞ்சை அமுக்குறான்."

"டிவியில அப்படிச் சொல்லலையே."

"டிவியில சொன்னது நான்டா! நான் சொன்னதைத்தான்டா அவன் சொல்றான்!"

மண் குவியல்மேல் நின்றவனைப் பார்த்துக் கையை நீட்டினான். "தம்பி, இதை எடு. இப்ப நான் சொல்றதைப் போடு."

சேனல்காரப் பையன் கேமராவைத் தோளிலிருந்து இறக்கினான். "பேட்டரி இல்லண்ணே" என்றான். கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. பையன் அதைக் கையால் மறைத்துக்கொண்டான். அவனுக்கே வெட்கமாக இருந்தது போலிருக்கிறது, முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"எவ்ளோ வாங்குனீங்கண்ணே?" கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல். "பெத்த அப்பனையே வித்துட்டீங்களே."

யாருடைய குரல் என்று மூத்தவனுக்குத் தெரியும். நேற்றுத்தான் அவன் வண்டிக்கு ஓசியில் காற்றடித்துக் கொடுத்தான். பதில் சொல்ல வாயெடுத்தான். என்ன சொன்னாலும் இவர்கள் காதில் ஏறாது என்று பட்டது. காலையில் தங்கச்சி சொன்னபோது தன் காதில் ஏறியதா? வாய்ப்பேச்சால் ஆகிற காரியம் இல்லை இது.

கதவை உலுக்குவது மறுபடி ஆரம்பித்தது. அவன் முதுகில் தகரம் இடித்தது. மேலே தண்ணீர் விடுகிற சத்தம் நின்றுவிட்டது.

மூத்தவன் அப்படியே தரையில் உட்கார்ந்தான். கதவுக்குக் குறுக்கே, காலை நீட்டி.

"எங்கப்பா வீட்டுல கெடக்காரு" என்றான். கத்தவில்லை. "நான் போனாத்தான் எடுப்பாங்க. நீங்க கலையாம நான் எந்திரிக்க மாட்டேன். வெயில் ஏறுது. பொணம் காத்திருக்கு. காக்க வெக்கிறதுன்னா வெச்சுக்கோங்க. நானும் உக்காந்திருக்கேன்."

சட்டைப்பையில் போன் அடித்தது. அவன் எடுக்கவில்லை. நின்றது. மறுபடி அடித்தது. பையன்கள் அவன் பையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு தரமும் வீட்டிலிருந்துதான் என்று எல்லோருக்கும் தெரியும்.

"வாங்கடா" என்றான் ஒருவன் கடைசியில். முதலில் சிரித்தவன்தான். "பொணத்தைக் காக்க வெச்ச பாவம் நமக்கு எதுக்கு? அவனை நாளைக்குப் பாத்துக்கலாம்."

கம்பி ஒன்று மண்ணில் விழுந்தது. பிறகு இன்னொன்று. ஒருத்தருக்கும் அவன் சொன்னதில் நம்பிக்கை வந்த மாதிரி தெரியவில்லை. அவனைத் தாண்டிப் போகும்போது ஒருவன் அவன் காலருகே துப்பிவிட்டுப் போனான். வட்டம் சொன்னது பலித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டான்.

தெரு காலியான பிறகும் அவனால் உடனே எழ முடியவில்லை. மேலே குழாய்ச் சத்தம் மறுபடி கேட்டது. தளத்தின் விளிம்பில் நீட்டிக்கொண்டிருந்த கம்பி நுனிகள் வழியாகத் தண்ணீர் சொட்டி அவன் தோளை நனைத்தது. அண்ணாந்து பார்த்தான். நெட்டையன் குனிந்து பார்த்தான். அவன் கையை உயர்த்தவில்லை. இவனும் உயர்த்தவில்லை. வெயிலில் கண் கூசியது.

வீட்டில் அவனைத் திட்டத் தயாராக நின்ற சித்தப்பாக்களைத் தாண்டி உள்ளே போய்ச் செட்டை அம்மா கையில் கொடுத்தான். வட்டத்தைக் காணவில்லை. அந்தப் பெண் சமையல்கட்டின் மூலையில் சுவரோடு சுவராக நின்றிருந்தாள். அம்மா செட்டைத் தண்ணீரில் அலசினாள்.

"எல்லாரும் வெளிய போங்க" என்றாள். "அவருக்குப் பிடிக்காது."

எல்லோரும் வெளியே வந்தார்கள். கதவு மூடியது. கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தபோது, அப்பா வந்துவிட்டிருந்தார். கன்னம் நிரம்பி, வாய் நிமிர்ந்து, ஏதோ கேலி சொல்லிவிட்டுக் கைகழுவப் போகிறவர் மாதிரி படுத்திருந்தார். தங்கச்சி அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

"வண்டி வந்துருச்சு. கடையைச் சாத்திட்டு வா" என்றார் சித்தப்பா.

மூத்தவன் கடைக்குப் போனான். கூட்டம் இல்லை. நாற்காலிகள் தாறுமாறாகக் கிடந்தன. டிவி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி வாசல். அவன்தான். "ஒண்ணுகூட இல்ல சார். வாயில வந்து பாருங்க சார்."

ரிமோட்டை எடுத்தான். அணைக்கவில்லை. சத்தத்தை முழுக்கக் குறைத்தான்.

திரையில் அவன் வாய் திறந்து திறந்து மூடியது. அவன் பல்லெல்லாம் தெரிந்தது. வெளியே அவனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.